சுள்ளிக்கட்டு: இடைக்கால மறுதாம்புக் காடுகளில் பெண்களைத் தேடுதல்

பெரி கோமகனுக்காக லிம்பர்க் சகோதரர்கள் 1412-க்கும் 1416-க்கும் இடையில் வரைந்த பிரார்த்தனை நூலில் பிப்ரவரி மாதத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. பிரான்சின் ஷான்டியி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதன் பனியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். தூரத்தில் ஓர் ஆண் கோடரியால் மரம் வெட்டுகிறான். இன்னொருவன் விறகு ஏற்றிய கழுதையை ஊர்ப்பக்கம் ஓட்டிப் போகிறான். முன்னால், பின்னிய படல் வேலிக்குள், ஒரு பண்ணைவீடு. நாம் உள்ளே பார்ப்பதற்காக ஓவியர் ஒரு பக்கச் சுவரையே எடுத்துவிட்டிருக்கிறார். நீல உடுப்பு அணிந்த பெண் பாவாடையைச் சற்று உயர்த்திக்கொண்டு கணப்படுப்பில் குளிர்காய்கிறாள். முற்றத்தில் சுள்ளிக்கட்டுகள் கிடக்கின்றன.

ஆண் வெட்டுகிறான், ஆண் கொண்டுவருகிறான், பெண் குளிர்காய்கிறாள். ஒரு கோமகன் தன் குடிகளைப் பார்த்த விதம் அது. ஓவியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சுள்ளிக்கட்டுகள் என்னை விடுவதில்லை. வெட்டிப்போட்ட கிளை தானாகக் கட்டாகாது. கழியைத் தனியாகவும் சுள்ளியைத் தனியாகவும் பிரிக்க வேண்டும், ஒரே நீளத்துக்கு நறுக்க வேண்டும், பச்சைக் கொம்பை முறுக்கிக் கயிறாக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். கோடரிக்கும் கணப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த வேலை முழுவதும் ஓவியத்துக்கு வெளியே போய்விட்டது. காட்டுத் தொழில்களைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட புத்தகங்களிலும் அது பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது.

இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகிறேன். இடைக்காலக் காட்டுக் கணக்குகளும் பண்ணை நீதிமன்றச் சுருள்களும் அங்கே ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பெண் உழைப்புக்காகத் துருவிய ஆய்வுகளும் அங்கே உண்டு.

முதலில் காட்டைப் பற்றி. ஹேசல், ஆஷ், மேப்பிள், லைம் போன்ற மரங்களைத் தரையை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கழிகள் ஒன்றாகக் கிளம்பும். நம் விவசாயிகள் கரும்புக்கும் தைலமரத்துக்கும் சொல்கிற மறுதாம்புதான் இது. வேர் பழையது, கழி புதியது. அதனால் வளர்ச்சி வேகமானது. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மறுபடி வெட்டுவது இடைக்கால இங்கிலாந்தில் சாதாரண வழக்கம். காட்டைப் பங்குகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போவார்கள். நம் மலைப்பகுதிகளில் வனத்துறையும் குத்தகைக்காரர்களும் வெட்டுப் பரப்பைக் ‘கூப்பு’ என்கிறார்களே, பிரெஞ்சுச் சொல்லின் மருவலான அதே கூப்பு. இடையிடையே சில ஓக் மரங்களை மட்டும் வீட்டுச் சட்டங்களுக்காகவும் உத்தரங்களுக்காகவும் உயர வளரவிட்டார்கள். ஆக ஒரே காட்டில் இரண்டு அடுக்கு. மேலே பெருமரம், கீழே கழியும் சுள்ளியும்.

இங்கிலாந்து அன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடாக இருந்தது என்ற எண்ணத்தை உடைத்தவர் ஆலிவர் ராக்கம். 1086-ஆம் ஆண்டின் டோம்ஸ்டே கணக்கெடுப்பை வைத்து அவர் கணித்தபடி, நாட்டில் காடு இருந்தது சுமார் 15 சதவீத நிலத்தில்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் உடைமையாளர் இருந்தார், எல்லை இருந்தது, கணக்கு இருந்தது. கேம்பிரிட்ஜ்ஷைரின் ஹேலி காடு 1251-இல் ஈலி பிஷப்பின் நில அளவையில் பதிவானது. சஃபோக்கின் பிராட்ஃபீல்டு காடுகள் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்துக்குச் சொந்தமாக இருந்தவை. 1252 முதல் அவற்றுக்கு ஆவணம் இருக்கிறது. இரண்டு காடுகளும் இன்றும் நிற்கின்றன.

வெட்டிய கழி எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் தலை சுற்றும். ஹேசல் கழியைப் பிளந்து பின்னினால் படல். அந்தப் படல்களை நிறுத்தி இரவில் ஆடுகளை வயலிலேயே அடைத்து உரமேற்றினார்கள். ஆட்டுக்கிடை என்று நான் சொன்னதும் என் வகுப்பில் படம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மரச்சட்டத்தின் இடைவெளியில் கழிகளைப் பின்னி, சாணமும் வைக்கோலும் கலந்த மண்ணை அப்பினால் வீட்டுச் சுவர். வளையும் குச்சிகளைக் கவையாக முறுக்கினால் கூரை வேய்வதற்கான ஊசிகள். பர்ச் மரத்தின் மெல்லிய நுனிகள் துடைப்பமாயின. லைம் மரத்தின் உள்பட்டை நாரானது. வசந்தத்தில் உரித்த ஓக் பட்டை தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போனது. மண்ணும் புல்கரணையும் மூடிக் காற்றடைத்து எரித்தால் கரி. இராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கரிமூட்டம் என்றால் போதும், மேலே விளக்க வேண்டாம். அந்தக் கரி இல்லாமல் இரும்பை உருக்க முடியாது. ஆகவே கோடரியே காட்டிலிருந்துதான் பிறந்தது. யார்க் நகரின் காப்பர்கேட் என்ற தெருப்பெயருக்கும் செம்புக்கும் தொடர்பில்லை. அது வைக்கிங் மொழியில் மரக்கிண்ணம் செய்பவர்களின் தெரு. அகழ்ந்தபோது மண்ணுக்கடியில் கடைசல் கழிவுகள் கிடைத்தன.

இந்தத் தொழில்களைப் பற்றிய அழகான புத்தகங்கள் இருக்கின்றன. 1949-இல் ஹெர்பர்ட் எட்லின் எழுதிய ‘பிரிட்டனின் காட்டுக் கைத்தொழில்கள்’ அவற்றில் ஒன்று. எந்த மரம் எந்த வேலைக்கு ஆகும் என்பதைக் கைவிரலால் தொட்டுக் காட்டுவதைப் போன்ற எழுத்து. மறைந்துகொண்டிருந்த தொழிலாளிகளின் மேல் அவருக்கு உண்மையான மதிப்பு இருந்தது. இவ்வகை எழுத்து முழுவதிலும் ஒரு முன்முடிவு ஓடுகிறது. கையில் கூர்மையான கருவி வைத்திருப்பவரே கைவினைஞர். அந்தப் பொருளைக் கொண்டு தினமும் வேலை செய்பவர் வெறும் பயனர். படல் பின்னியவனுக்குத் தொழில் உண்டு. அந்தப் படலுக்குள் ஆடு கறந்து, பால் சுமந்து, வெண்ணெய் எடுத்தவளுக்கு இருப்பது வீட்டு வேலை. ராக்கமிடம் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அவர் மனிதர்களைவிட மரங்களிடம்தான் அதிகம் பேசினார் என்று ஒரு வாசகியாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் அவரைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காடு வெட்டப்பட்டதால் அழியவில்லை, வெட்டி வெட்டித்தான் நீடித்தது என்பதை அவரைப்போல் யாரும் காட்டவில்லை.

பெயர்களும் இதே கதையைச் சொல்கின்றன. ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் டர்னர் மரம் கடைபவர், கூப்பர் பீப்பாய் செய்பவர், காலியர் கரி சுடுபவர். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்பது பெண்பால் விகுதி. பின்னால் அது பால் வேறுபாட்டை இழந்தது. அந்த விகுதியோடு இன்றும் பரவலாக வாழும் பெயர்கள் வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர்: நெசவு, ரொட்டி, பீர். காடு இந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ரொட்டியும் பீரும் எதில் வெந்தன?

1300 வாக்கில் இங்கிலாந்தின் கிராமங்களில் பீர் வடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை ஜூடித் பென்னெட் நிறுவியிருக்கிறார். ஹாப்ஸ் சேர்க்காத அந்தப் பீர் சில நாளிலேயே புளித்துவிடும்; அதனால் ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தானியத்தை முளைகட்டிக் காயவைக்க நெருப்பு, தண்ணீரைக் கொதிக்கவைக்க நெருப்பு. ரொட்டி அடுப்பின் முறை வேறு. சுள்ளிக்கட்டை அடுப்புக்குள்ளேயே போட்டுக் கொளுத்தி, சுவர் காய்ந்ததும் தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு மாவை உள்ளே தள்ளுவார்கள். இதற்குப் பெருங்கட்டை உதவாது. சீக்கிரம் பற்றி, பெரிதாக எரிந்து, சட்டென்று அடங்குகிற சுள்ளிதான் வேண்டும். காட்டை ஏழெட்டு ஆண்டுக்குள் ஏன் வெட்டினார்கள் என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் உடைமையாளரின் வருமானக் கணக்கிலிருந்து பதில் சொல்வார்கள். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையான கழிக்கு ஓயாத தேவை இருந்ததால்தான் அந்த வருமானம் வந்தது. அந்தத் தேவையின் பெரும்பகுதி அடுப்படியில் பிறந்தது. காடு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தரைமட்டமாக வேண்டும் என்பதில் சமைக்கும் பெண்ணுக்கும் ஒரு பங்கு இருந்தது என்று வாசிக்க நான் தயங்கமாட்டேன்.

பெண்கள் காட்டுக்குள்ளேயே போகவில்லை என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று பிண விசாரணைச் சுருள்கள். பார்பரா ஹனாவால்ட் 1986-இல் வெளியிட்ட ‘பிணைத்த கட்டுகள்’ நூலில், விபத்தில் இறந்தவர்களைப் பற்றிய அந்தச் சுருள்களிலிருந்து விவசாயக் குடும்பங்களின் அன்றாடத்தை மீட்டெடுத்தார். பெண்களின் சாவுகள் வீட்டையும் கிணற்றையும் சுற்றி. ஆண்களின் சாவுகள் வயலிலும் காட்டிலும் வண்டிப்பாதையிலும். இதிலிருந்து அவர் வரைந்த வரைபடத்தில் பெண்ணின் உலகம் வீட்டைச் சுற்றியது. அபாரமான உழைப்பு அது. ஏழைப் பெண்ணின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று நாம் நெருங்கிப் பார்த்ததற்கு அந்த நூல்தான் காரணம். ஆனால் விழும் மரம் ஆளைக் கொல்லும், காய்ந்த சுள்ளி கொல்லாது. விசாரணை அதிகாரி பிணம் கிடந்த இடத்துக்கு மட்டும்தான் போனார். தினமும் காட்டுக்குப் போய் உயிரோடு திரும்பியவள் அவருடைய சுருளில் ஏற வழியே இல்லை.

காட்டுக்கு அவள் போனாள் என்று வேறொரு சுருள் சொல்கிறது. பண்ணை நீதிமன்றங்களில் வேலியைப் பிடுங்கியதற்கும், பச்சை மரம் ஒடித்ததற்கும், அனுமதியில்லாமல் சுள்ளி எடுத்ததற்கும் அபராதம் கட்டியவர்களில் பெண்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பீர் வடித்தவர்களிடம் தவறாமல் வாங்கிய அபராதம் உண்மையில் உரிமக் கட்டணமாகவே இயங்கியது என்பது அறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. விறகுக்கான அபராதங்களையும் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். அவை சிலருக்குத் தண்டனை, சிலருக்கு விலை. எப்படியானாலும், காட்டில் ஆணின் பெயரைத் தொழில் பதிவு செய்தது. பெண்ணின் பெயரைக் குற்றம் பதிவு செய்தது.

ஜீன் பிரெல் 1969-இல் எழுதிய, இடைக்காலக் காட்டின் விவசாயக் கைவினைஞர்கள் குறித்த கட்டுரையும், 1987-இல் காட்டின் பொது உரிமைகள் குறித்து எழுதிய கட்டுரையும் இங்கே துணைக்கு வருகின்றன. காட்டுத் தொழில் பலருக்கு முழுநேரத் தொழில் அல்ல, சிறுநிலத்தை வைத்துப் பிழைக்க முடியாத குடும்பங்களின் துணைப் பிழைப்பு என்பதை இந்த வகை ஆய்வுதான் கண்முன் வைத்தது. அப்படியானால் அது ஒருவருடைய தொழிலாக இருந்திருக்க முடியாது. வீடே செய்த வேலை. கணக்கில் ஏறியது மட்டும் வீட்டுத் தலைவரின் பெயர்.

இப்போது சட்டம். ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல் அன்று மரங்களைக் குறிக்கவில்லை. அரசனின் வேட்டை அதிகாரம் செல்லும் எல்லையைக் குறித்தது. அந்த எல்லைக்குள் வயலும் இருக்கும், ஊரும் இருக்கும். 1217 நவம்பர் 6-ஆம் தேதி மூன்றாம் ஹென்றியின் பெயரில் வெளியான வனச் சாசனம் அந்த அதிகாரத்தைக் குறைத்தது; மான் வேட்டைக்காக உயிரையோ உறுப்பையோ பறிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட மாக்னா கார்ட்டாவில், 1215-ஆம் ஆண்டு வடிவில் இல்லாத ஒரு தொடர் சேர்ந்தது. கணவன் இறந்த பெண்ணுக்குப் ‘பொதுவிலிருந்து’ நியாயமான ‘எஸ்டோவர்’ கிடைக்க வேண்டும் என்கிறது அது. காட்டுச் சட்ட வழக்கில் எஸ்டோவர் என்றால் தேவைக்கு எடுக்கும் மரம்: எரிக்க, வீடு பழுதுபார்க்க, ஏர் செய்ய, வேலி கட்ட. பீட்டர் லைன்பா 2008-இல் வெளியிட்ட ‘மாக்னா கார்ட்டா அறிக்கை’ நூலில் இந்தத் தொடரை மையத்தில் வைத்தார். ஏழைக் கைம்பெண்ணுக்கு ஊர்ப் பொதுக்காட்டில் விறகு எடுக்கும் உரிமையை அரசியல் சாசனமே ஏற்றது என்பது அவர் வாசிப்பு. பொதுவளங்களுக்காகப் போராடுகிறவர்களிடம் அது வேகமாகப் பரவியது. ஏன் பரவியது என்பது புரிகிறது. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

ஆனால் பிரதியை அருகில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. கணவன் இறந்த பின் அவன் வீட்டில் அவள் நாற்பது நாள் தங்கலாம், அதற்குள் அவளுக்குரிய சொத்துப் பங்கைப் பிரித்துத் தர வேண்டும், அந்த இடைக்காலத்துக்கு அவளுக்கு எஸ்டோவர் உண்டு என்பதே அந்தப் பிரிவின் ஓட்டம். எஸ்டோவருக்குச் சட்டத்தில் இன்னொரு பொருளும் உண்டு: ஜீவனாம்சம். ‘பொதுவிலிருந்து’ என்பதை ஊர்ப் பொதுநிலம் என்றும் படிக்கலாம், பிரிக்கப்படாத குடும்பச் சொத்து என்றும் படிக்கலாம். மேலும், கணவனின் வீடு கோட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று கவலைப்படுகிற ஒரு பிரிவு யாரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும்? பண்ணையடிமையின் மனைவியை அல்ல. அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தந்தப் பண்ணையின் வழக்கம் தீர்மானித்தது, சாசனம் அல்ல. பெண்ணியம் தன் மூதாதையரைத் தேடும்போது எழுகிற அவசரம் எனக்குத் தெரியும். அதற்காகச் சீமாட்டியின் நாற்பது நாளை எடுத்துச் சுள்ளி பொறுக்கியவளின் வாழ்நாள் உரிமையாக்கிவிட்டால், இரண்டாவது முறையாகவும் அவளைக் காணாமல் போகச் செய்கிறோம்.

சீமாட்டி என்றதும் இன்னொன்று. எஸ்ஸெக்ஸின் ஹைனால்ட் காட்டில் பெரும்பகுதி, 1539-இல் கலைக்கப்படும் வரை, பார்கிங் கன்னியர் மடத்தின் உடைமை. மடத் தலைவி பெரும் நிலக்கிழார். அங்கே அனுமதியில்லாமல் கிளை ஒடித்தவளுக்கு எதிரே நின்றதும் ஒரு பெண்ணின் அதிகாரம்தான். காட்டில் ‘பெண்’ என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

மறுபடி ஓவியங்களுக்கு வருகிறேன். லிம்பர்க் சகோதரர்களின் அதே நூலில் ஜூன் மாதப் பக்கத்தில் ஆண்கள் பெரிய புல்லரிவாள்களால் புல் அறுக்கிறார்கள். இரண்டு பெண்கள் மரக் கருவிகளால் அதைப் புரட்டிக் கூட்டுகிறார்கள். இரும்பு ஆணுக்கு, மரம் பெண்ணுக்கு என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அப்படி எழுதிய கட்டுரைகளும் உண்டு. ஆனால் 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வரையப்பட்ட லட்ரெல் சங்கீதநூலில் கதிர் அறுப்பவர்கள் பெண்கள், கையில் இரும்பு அரிவாள். ஆக இரும்பு பெண்ணுக்கு விலக்கானதல்ல. காட்டின் வெட்டரிவாள் அவள் கைக்கு வராததற்குக் காரணத்தை வெட்டுக்கூலியை யாருக்குக் கொடுத்தார்கள், கூப்பை யாருக்கு விற்றார்கள் என்பதில் தேட வேண்டும், உடல் வலுவில் அல்ல.

அதே லட்ரெல் நூலில் நான் அதிக நேரம் நின்ற பக்கம் வேறு. படல்களால் அடைத்த பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே ஒருவர் பால் கறக்கிறார். வெளியே இரண்டு பெண்கள் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு நடந்துபோகிறார்கள். படலின் பின்னல் வரிசைகளை ஓவியர் ஒவ்வொன்றாக எண்ணி வரைந்திருக்கிறார். அந்தப் படலை யார் பின்னியது என்று ஓவியம் சொல்லவில்லை. அது யாருடைய வேலையைச் சாத்தியமாக்கியது என்று சொல்கிறது. கைத்தொழில் வரலாற்றை இந்த முனையிலிருந்து தொடங்கினால் வேறு புத்தகம் வரும். இன்னொரு பக்கத்தில் ஒரு பெண் கோழிக்குத் தீனி போடுகிறாள், கக்கத்தில் நூற்கும் கோல். தீனி போடும் அந்த நிமிடத்திலும் கோலைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கோலும் ஒரு மரத்துண்டுதான்.

கவிதைப் பட்டறைகளில் மறுதாம்பைப் பற்றிச் சொன்னால் அடுத்த நாள் ஒரே மாதிரி பத்துக் கவிதை வரும்: வெட்ட வெட்டத் துளிர்ப்பாள் பெண். எழுதுகிற மாணவிகளின் வலி பொய்யல்ல. ஆனால் அந்த உருவகத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வெட்டு வாங்குவதைத் தகுதியாக மாற்றி, வெட்டியவருக்கு அடுத்த தவணைக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறது அது. காட்டுக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. வெட்டிய அடிக்கட்டையில் வரும் இளந்தளிர்தான் மாட்டுக்கும் மானுக்கும் மிகப் பிடித்த தீனி. முதல் சில ஆண்டுகள் தளிரைத் தொடர்ந்து மேயவிட்டால் நூறாண்டுக் கட்டையும் செத்துப்போகும். அதனால்தான் இடைக்காலக் காடுகளைச் சுற்றி இன்றும் மண்கரையும் அகழியும் தெரிகின்றன. வெட்டிய கூப்பை வேலியடைத்து, இத்தனை ஆண்டுக்குக் கால்நடை நுழையக்கூடாது என்று விதித்தார்கள். 1543-இல் எட்டாம் ஹென்றியின் சட்டமும் அதையே கட்டாயமாக்கியது. அந்த வேலி பணக்காரரின் காட்டைக் காத்தது, ஏழையின் பசுவை வெளியே நிறுத்தியது. அதுவும் சேர்ந்ததுதான் கதை.

பிராட்ஃபீல்டு காட்டின் ஒரு பகுதியை 1960-களில் வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். மிஞ்சியதில் இன்னும் மறுதாம்பு வெட்டு நடக்கிறது. அங்கே ஓர் ஆஷ் அடிக்கட்டை ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். ஆயிரம் ஆண்டாவது இருக்கும் என்று ராக்கம் கணித்தார். இப்போது மாடு இல்லை, மான்தான் தொல்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெட்டு முடிந்த பிறகு, புதுத் தளிர் வருவதற்குள், அந்தக் கூப்பை மான் நுழையாமல் அடைக்க வேண்டியிருக்கிறது.